தீர்ப்பு வந்த பிறகு அம்மா முடங்கிப்போனது பற்றி

ஆமாம், இப்படி ஆவது உண்டு. பதினோரு வருஷம் கழித்துத் தம்பியைக் கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தும், அம்மா இப்போதுதான் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறார் என்கிறீர்கள். ‘யார் செய்தது’ என்ற கேள்விதான் இத்தனை நாள் அவரை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வைத்திருக்கும். அது தீர்ந்ததும் பிள்ளை இல்லை என்பது மட்டும் மிஞ்சுகிறது. பிரேதப் பரிசோதனை விவரத்தையும் சாட்சி விசாரணையில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார், பாவம். அதைப் பற்றிப் பேச வந்தால் பேச விடுங்கள். ‘அதான் தண்டனை கிடைச்சிடுச்சே’ என்று வாயை அடைக்காதீர்கள்.

தம்பியின் வாட்ச், செயின் ஏதும் சான்றுப் பொருளாகக் கோர்ட்டில் இருக்கிறதா? தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அவற்றை என்ன செய்வது என்ற உத்தரவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேட்டு மனுப் போடலாம். அம்மா கையில் அந்த வாட்ச் வருவது பெரிய விஷயம்.

ஆனால் மேல்முறையீடு முடியும்வரை பொதுவாகத் தர மாட்டார்கள். தண்டனை பெற்றவன் தரப்பு 60 நாளுக்குள் ஐகோர்ட்டுக்குப் போகலாம், அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

‘நானும் போயிடறேன்’ என்பது போல ஏதாவது சொன்னால் தாமதிக்காமல் 14416க்கு (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.