1927 அயர்லாந்து நாடாளுமன்றம்: கட்சி பலத்தை எந்தத் தேதிக்குக் கணக்கிடுவது?

கேள்வி: அயர்லாந்து சுதந்திர அரசின் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கட்சிவாரியாக அட்டவணைப்படுத்துகிறேன். 1927-இல் ஆளுங்கட்சிக்கு 47 இடம் என்று ஓரிடத்திலும் 62 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எது சரி? அந்த ஆண்டு நடந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்த வாக்குகளும் மொத்த இடங்களான 153-க்கு வரவில்லையே?

பதில்: இரண்டுமே சரி. அந்த ஆண்டு இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. கீழவையின் பெயர் டால். ஜூன் 9-இல் தேர்வானது ஐந்தாவது டால், செப்டம்பர் 15-இல் தேர்வானது ஆறாவது. ஆண்டை மட்டும் தலைப்பாகப் போட்டால் இரண்டும் கலந்துவிடும். வரிசை எண்ணையும் தேர்தல் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஜூன் முடிவு இது: ஆட்சித் தலைவர் காஸ்கிரேவின் ஆளுங்கட்சியான கமன் நா கேல் 47, டி வலேராவின் ஃபியன்னா ஃபால் 44, தொழிலாளர் கட்சி 22, விவசாயிகள் கட்சி 11, தேசிய லீக் 8, சின் ஃபெயின் 5, சுயேச்சைகள் 16. மொத்தம் 153. சில பட்டியல்களில் சுயேச்சைகள் 14 என்றிருந்தால் பதற வேண்டாம். சுயேச்சைக் குடியரசுவாதிகள் இருவரைத் தனியாகப் பிரித்திருப்பார்கள்.

47 பேரை வைத்துக்கொண்டு காஸ்கிரேவ் எப்படி ஆட்சி நடத்தினார்? பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்து ஃபியன்னா ஃபாலும் சின் ஃபெயினும் அவைக்கே போகவில்லை. ஜூலை 10-இல் அமைச்சர் கெவின் ஓ'ஹிகின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் உறுதிமொழி எடுப்பதாக ஒப்புக்கொள்ளாதவர் வேட்பாளராகவே நிற்க முடியாது என்று அரசு மசோதா கொண்டுவந்தது. ஆகஸ்ட் 12-இல் ஃபியன்னா ஃபால் உறுதிமொழியில் கையெழுத்திட்டு அவைக்குள் வந்தது. அதற்குள் 44 என்ற எண்ணும் பழையதாகிவிட்டது: ஜூலை 15-இல் கான்ஸ்டன்ஸ் மார்க்கியவிச் இறந்தார்; பேட்ரிக் பெல்டன் முன்கூட்டியே உறுதிமொழி எடுத்ததால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இப்போது உங்கள் வாக்கெடுப்புக் கணக்கு. ஆகஸ்ட் 16-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 71, எதிர்ப்பு 71. சபாநாயகர் மைக்கேல் ஹேய்ஸ் தன் வாக்கை அரசுக்குப் போட்டு ஆட்சியைக் காப்பாற்றினார். கூட்டினால் 142; 153-க்கு 11 குறைகிறது. ஓ'ஹிகின்ஸ், மார்க்கியவிச் இடங்கள் காலி: 2. சின் ஃபெயின் 5. சமநிலை வந்தபின்தான் வாக்களித்த சபாநாயகர் 1. தேசிய லீக்கின் ஜான் ஜிங்க்ஸ் அவையில் இல்லை: 1. மிச்சம் இருவரும் அன்று வாக்களிக்காதவர்கள். ஜிங்க்ஸ் வந்து தன் கட்சி நிலைப்படி தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தால் அரசு கவிழ்ந்திருக்கும்.

காலியான இரண்டு இடங்களுக்கும் ஆகஸ்ட் 24-இல் இடைத்தேர்தல் நடந்தது. இரண்டிலும் கமன் நா கேல் வென்றது. மறுநாளே டால் கலைக்கப்பட்டது. டப்ளின் கவுண்டியில் வென்ற கெராய்ட் ஓ'சல்லிவனும் டப்ளின் தெற்கில் வென்ற தாமஸ் ஹென்னஸியும் ஐந்தாவது டாலின் உறுப்பினர்கள்தான், ஆனால் அந்த அவையில் உட்கார அவர்களுக்கு நாளே கிடைக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் இவர்களைச் சேர்த்தால் ஆட்கள் 155 ஆவார்கள், இடங்கள் 153-தான். பெரும்பாலான அட்டவணைகள் பிசகுவது இங்கேதான்.

செப்டம்பரில் கமன் நா கேல் 62, ஃபியன்னா ஃபால் 57, தொழிலாளர் கட்சி 13, விவசாயிகள் 6, தேசிய லீக் 2, ஐரிஷ் தொழிலாளி லீக் 1, சுயேச்சைகள் 12. இங்கே எதிர்த்திசையில் சிக்கல்: காஸ்கிரேவ் கார்க் நகரிலும் கார்லோ-கில்கென்னியிலும் வென்றார். ஆள் ஒருவர், இடம் இரண்டு. கார்க்கை வைத்துக்கொண்டார், மற்றதற்கு நவம்பர் 3-இல் இடைத்தேர்தல் நடந்து, முன்பு விவசாயிகள் கட்சியில் இருந்த டெனிஸ் கோரி கமன் நா கேல் சார்பில் வந்தார். ஐரிஷ் தொழிலாளி லீக்கின் அந்த ஒருவர் ஜிம் லார்கின். திவாலானவர் என்பதால் அவரால் பதவியேற்க முடியவில்லை. 1928 ஏப்ரல் 3-இல் அந்த டப்ளின் வடக்கு இடமும் கமன் நா கேலுக்குப் போனது. வென்றவர் வின்சென்ட் ரைஸ். 1927 ஜூனில் அவர் தேசிய லீக் உறுப்பினர். ஆகவே அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் 'தேர்வானபோது கட்சி', 'பின்னர் கட்சி', 'இடம் ஏற்ற விதம்' என்று மூன்று பத்திகள் ஒதுக்குங்கள்; ரைஸின் பெயர் இரண்டு டால்களிலும் வெவ்வேறு கட்சியில் வரும், அது பிழையல்ல.