கேள்வி – பதில்: அளவு நோட்டில் குத்திய துணித்துண்டு

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து வருஷமாகச் சிறுகதை எழுதி அனுப்புகிறேன். 11 கதைகள் திரும்பிவிட்டன. யாரைப் படிக்கிறேனோ அவரைப் போலவே எழுத வருகிறது, எனக்கென்று ஒரு பாணி இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் உட்கார்ந்தால் அமையுமா? அல்லது இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் வேண்டாத வேலையா? 12ஆவது கதையை இத்துடன் வைத்திருக்கிறேன்.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வேலையை விடாதீர்கள். சிற்றிதழ்கள் பெரும்பாலும் சன்மானம் தருவதில்லை. தருகிற இதழ்களை நம்பியும் வீட்டு வாடகை கட்ட முடியாது. மாதக் கடைசியை நினைத்துப் பயந்துகொண்டே எழுதுகிறவர் கதையைச் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்.

வயதுக் கேள்விக்கு உங்கள் ஊர்ப் பக்கமே பதில் இருக்கிறது. இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் பிறந்தது 1923இல். அவருடைய முதல் கதை ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தது 1950களின் கடைசியில். அதற்கு முந்தைய வருஷங்களில் காதில் விழுந்த சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், பேச்சுதான் பின்னால் கதையாக வந்தது.

இனி பாணி. உங்கள் கதையை மூன்று முறை படித்தோம். 14 பக்கம், ஏறத்தாழ 3,200 சொற்கள். முதல் மூன்று பக்கத்தில் நிலா, மழை, தெருநாயின் தனிமை. முதல் பக்கத்தில் மட்டும் ‘போல’ ஒன்பது இடத்தில் வருகிறது. அந்த மூன்று பக்கத்தையும் நீங்கள் பார்த்து எழுதவில்லை, படித்ததிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் அப்பாவின் தையல்கடை வந்ததும் எழுத்து மாறிவிடுகிறது.

டெய்லர் அளவெடுத்ததும் நோட்டில் பெயர், உயரம், மார்பு, தோள், கை, கழுத்து என்று குறித்துக்கொண்டு, துணி ஓரத்தில் விரலகலம் வெட்டி அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்திவைப்பார். பத்துப் பேர் வெள்ளைத் துணி கொடுத்தாலும் எது யாருடையது என்று குழம்பாது. உங்கள் கதையில் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிறார். வாங்க வரவே இல்லை. ஆறு வருஷம் கண்ணாடி அலமாரியில் தொங்கிய சட்டை தோள்பக்கம் வெயில்பட்டு வெளுத்துப்போகிறது. மூடிய நோட்டுக்குள் இருந்த துண்டு மட்டும் அன்றைக்கு வெட்டின நீலத்திலேயே இருக்கிறது. அப்பா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஆறு வருஷத்தை, ‘காலம்’ என்ற சொல்லே இல்லாமல் காட்டிவிட்டீர்கள். இதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் நான்கே வரியில் முடித்துவிட்டு மறுபடி நிலாவுக்குப் போய்விடுகிறீர்கள். தையல்கடை இலக்கியத்துக்குப் போதாது என்று யார் உங்களிடம் சொன்னார்கள்? தெரியாததை அழகாக எழுதப் பார்த்து, தெரிந்ததை ஒளித்துவைக்கிறீர்கள். 11 கதைகள் திரும்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறோம்.

இந்தக் கதை நோட்டிலிருந்து தொடங்கட்டும். முதல் மூன்று பக்கம் முழுவதும் போகட்டும். எந்த வரி நன்றாக இருந்தாலும் எடுத்துவைக்காதீர்கள், அது மறுபடி நிலாவைக் கூட்டிவரும்.

கதை சொல்பவன் பன்னிரண்டு வயதுப் பையன். அவனுக்குத் துணி கொடுத்தவரின் மனசுக்குள் ஓடியது எப்படித் தெரியும்? ஏழாம் பக்கத்தில் இரண்டு பத்தி அப்படி வருகிறது. பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிற பையன் கண்ணுக்கு வந்தவரின் செருப்பும் கையிலிருந்த துணிப்பையும்தான் தெரியும். அதை எழுதினால் போதும், மனசு தானே தெரியும்.

பேச்சில் பெரிய கோளாறு. “நீ உன் வாழ்வை நீயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்” என்கிறார் அப்பா. கோவில்பட்டியில் எந்த டெய்லர் இப்படிப் பேசுவார்? “ஒம் பாட்டப் பாருல. நாஞ் சொல்லி என்ன ஆவப்போவுது” என்பார், அதையும் தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல் சொல்வார். அதற்காக ஒவ்வொரு சொல்லையும் வாயில் வருகிற மாதிரியே எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு பேச்சுக்கு இரண்டு மூன்று வட்டாரச் சொல், மற்றபடி பேசுகிற வரிசை சரியாக இருந்தால் போதும்.

கடைசி இரண்டு பத்தி கதைக்கு உரை எழுதுகின்றன. அப்பா துண்டை மறுபடி குண்டூசியில் குத்துகிற இடத்தில் நிறுத்துங்கள்.

நாம் படிக்கிற எழுத்தாளரின் நடை ஒட்டிக்கொள்வது நோய் அல்ல. ஒரே எழுத்தாளரை வரிசையாகப் படித்தால் அவர் வாக்கியம் முடிக்கிற தாளம் கையில் ஏறத்தான் செய்யும். ஒரு கதையை எழுதுகிற நாட்களில் வேறு கதை படிக்காதீர்கள். பயணக் கட்டுரையோ ஊர் வரலாறோ படியுங்கள். பிடித்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தைக் கையால் நகலெடுத்து, வரிக்கு வரி ஓரத்தில் குறியுங்கள்: காட்சி, பேச்சு, தகவல், எண்ணம். பிறகு உங்கள் பக்கத்துக்கும் அதையே செய்யுங்கள். உங்கள் முதல் பக்கத்தில் நாங்கள் குறித்துப் பார்த்தோம். எண்ணம் 17 வரி, பேச்சு ஒன்றுகூட இல்லை.

கடையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல்: பட்டி, பாபின், காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் என்று அப்பா வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். கதைக்காக என்று சொல்லிவிடாதீர்கள், பேச்சை மாற்றிக்கொள்வார். கி.ரா. கரிசல் சொற்களை ஓர் அகராதியாகவே தொகுத்தார். உங்களுக்குப் பத்துப் பக்கம் சேர்ந்தால் போதும்.

காலையில் வேலைக்குப் போகுமுன் 45 நிமிஷம், 300 சொல். ஐந்து நாளில் 1,500 வந்துவிடும். இந்தக் கதைக்கு அதற்கு மேல் வேண்டாம். முதல் படியை எழுதுகிறபோது முந்தின நாள் எழுதியதைத் திருத்த உட்கார்ந்தால் ஆறாம் நாளும் முதல் பக்கத்திலேயே இருப்பீர்கள். முடித்ததும் 15 நாள் உள்ளே வையுங்கள். பிறகு சத்தம்போட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் கோடு, அலுப்புத் தட்டுகிற இடத்தில் வட்டம். முழுக்கப் படித்த பிறகுதான் பேனாவைத் திருத்தத்துக்கு எடுக்க வேண்டும். வட்டம் போட்டவற்றை வெட்டுங்கள், கோடு போட்டவற்றை மாற்றி எழுதுங்கள்.

பழைய 11 கதைகளை இப்போதைக்குத் தொடவேண்டாம். எண்ணிக்கை குறைகிறதே என்று கவலை வேண்டாம். சிறுகதையில் பெரிய பெயரான எழுத்தாளர் மௌனி எழுதியதே இரண்டு டஜன் கதைகளை ஒட்டித்தான்.

திருத்திய கதையை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். எங்களுக்கு அனுப்புவதானால் துணி கொடுத்தவரின் பெயரையும் தெருவையும் மாற்றிவிடுங்கள். நோட்டில் இருந்த பெயரையே எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அவர் மகள் இன்னும் அதே ஊரில் இருக்கலாம்.