இழப்பீடு யாருக்குக் கிடைத்தது?

கேள்வி: அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் ஒழிக்கப்பட்டது. அன்றைய அடிமைகளும் இன்று இல்லை. அவர்களை வைத்திருந்தவர்களும் இல்லை. அப்படியிருக்க, யார் யாருக்கு இழப்பீடு தருவது?

பதில்: இழப்பீடு இதுவரை தரப்படவே இல்லை என்ற எண்ணம் தங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அது அன்றே தரப்பட்டுவிட்டது, பெற்றுக்கொண்டவர்கள்தாம் வேறு. 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 'சொத்தை' இழந்த உடைமையாளர்களுக்கென 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அரசின் அன்றைய ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் அடைபட்டது. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோரோ, 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களுக்கே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

ஹைட்டியின் கதை இன்னும் கொடியது. அடிமைகளே போரிட்டு 1804இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் கரைக்கு 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, முன்பு அதை ஆண்ட பிரான்ஸ், தன் பழைய உடைமையாளர்களின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதையொட்டி வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. இவ்வளவு பழைய கணக்கு எதற்கு என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவும் விலக்கல்ல. 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது, தலைக்கு 300 டாலர் வரை உடைமையாளர்களுக்கே வழங்கப்பட்டது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் பிரித்துத் தர ஆணையிட்டார். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அந்நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பினார்.

கேள்வி: அதன்பிறகு 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதே, உழைத்து முன்னேறியிருக்கலாமே?

பதில்: உழைக்காமல் இல்லை, உழைப்பைச் சொத்தாக்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் முதன்மையான சொத்து வீடு. 1930களில் அரசு நிறுவனமே வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணமிட்டு, கடன் தர அபாயகரமானவை எனக் குறிக்கப்பட்டன. வெள்ளையருக்கு எளிதாகக் கிடைத்த அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக்கடன் அங்கே கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர்; கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இந்த வரைபடங்களின் காலத்தில் வாழ்ந்தவர்கள் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை முதல் கேள்வி கேட்டவரும் கவனிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்கு 20,000 டாலர் வழங்கியது. அது உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும் என்பதால், அம்முன்னுதாரணம் இங்கு முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரமன்றம் 2021இல் எடுத்த முடிவு இதைவிடப் பொருத்தமானது. 1919 முதல் 1969 வரை அந்நகரில் வாழ்ந்த கறுப்பினத்தவரும் அவர்களின் வழித்தோன்றல்களும் வீட்டுவசதிக்காக 25,000 டாலர் பெறலாம் என்பது அம்முடிவு. அதற்கான பணம் முதலில் கஞ்சா விற்பனை வரியிலிருந்து ஒதுக்கப்பட்டது. யாருக்கு என்ற கேள்விக்கு அவர்கள் முகவரியையும் ஆண்டையும் வைத்து விடை கண்டார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்து 2024இல் வழக்கும் தொடரப்பட்டது.