பதில்: மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் பதறி எழுந்தவர்

வணக்கம். மனக்கவனப் பயிற்சி (mindfulness, நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகுதல்) பற்றிய இரண்டு நாள் பயிலரங்கு முடித்த கையோடு, உங்களிடம் ஆலோசனைக்கு வந்த, சாலை விபத்தில் தப்பிய ஒருவரைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னதாகவும், அவர் பதறிப் பாதியிலேயே எழுந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இனி இதைத் தொடலாமா என்பது உங்கள் கேள்வி.

தொடலாம், ஆனால் மூச்சிலிருந்து வேண்டாம். அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்கு, கவனத்தை உடலுக்குள் திருப்புவதே பழைய பயத்தைக் கிளப்பிவிடும். கண் திறந்தே இருக்கட்டும். தரையில் பதிந்த பாதம், மின்விசிறியின் ஓசை என்று வெளியிலிருந்து தொடங்குங்கள். அரை நிமிடம் போதும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தன்னிடமே கனிவு காட்டப் பழக்கும் பரிவுப் பயிற்சியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சையை உருவாக்கிய பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட், பரிவைக் கண்டே அஞ்சுபவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அன்பும் அடியும் ஒரே கையிலிருந்து வாங்கி வளர்ந்தவரிடம் 'உங்களிடமே கனிவாக இருங்கள்' என்றால் கோபமோ அழுகையோ வரலாம். ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அப்புறம், உங்கள் பயிற்சி. ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய மனக்கவனத் திட்டத்தில் நோயாளிகளுக்கே 8 வாரப் பயிற்சி. நடத்துபவர் தானும் தொடர்ந்து பழகுபவராக இருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை. முதலில் அப்படி ஒரு வகுப்பில் பங்கேற்பாளராக உட்காருங்கள். நடந்த அமர்வை மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். விபத்தில் தப்பிய அவர் மறுபடி வந்தால் எந்தப் பயிற்சியையும் எடுக்காமல், அன்று என்ன நேர்ந்தது என்று அவரிடமே கேளுங்கள்.