பிரிட்ஜ்டு வேண்டாம் தம்பி, நேட்டிலேயே ஒரு கதவு வைக்கலாம்

தம்பி, பாளையங்கோட்டை ஹாஸ்டல் வைஃபையில் விர்ச்சுவல்பாக்ஸ் (லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறீர்கள். அதன் நெட்வொர்க்கை நேட்டில் (NAT) வைத்தால் உங்கள் லேப்டாப்பிலிருந்தே உள்ளே ஓடும் உபுண்டு சர்வர் திறக்கவில்லை, பிரிட்ஜ்டுக்கு மாற்றினால் அடுத்த அறைப் பையன் உள்ளே வந்துவிட்டான் என்கிறீர்கள். வராமல் என்ன செய்வான்! பிரிட்ஜ்டு (Bridged) என்பது ஹாஸ்டல் வைஃபை என்ற தெருவைப் பார்த்துத் தனி வாசல் வைத்த வீடு. நேட் நம்மூர் வளவு மாதிரி, ஒரே தெருவாசலுக்குள் பல வீடுகள்: உள்ளே இருப்பவர் வெளியே போய்வரலாம், வெளியாள் தெருவாசலைத் தாண்ட முடியாது.

அதனால் நேட்டையே வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் போர்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது கதவு எண்ணுக்கு, வருவதை உள்ளே அனுப்பும் வசதி) திறந்து ஒரு வரி சேருங்கள். ஹோஸ்ட் என்றால் உங்கள் லேப்டாப், கெஸ்ட் என்றால் உள்ளே ஓடும் உபுண்டு: ஹோஸ்ட் ஐபி 127.0.0.1 (லேப்டாப் தன்னையே குறிக்கும் முகவரி), ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80. கெஸ்ட் ஐபி காலியாக இருக்கலாம். ஹோஸ்ட் ஐபியை மட்டும் காலியாக விடாதீர்கள். விட்டால் லேப்டாப்பின் எல்லா முகவரியிலும் அந்தக் கதவு திறந்துகொள்ளும், பழைய கதைதான். நானே அப்படி ஒரு வாரம் தெரியாமல் திறந்து போட்டிருந்தேன். அப்புறம் பிரவுசரில் 127.0.0.1:8080 என்று அடியுங்கள்.

நாலைந்து போர்ட் தேவையென்றால், இரண்டாவது அடாப்டரை (நெட்வொர்க் கார்டை) ஹோஸ்ட்-ஒன்லியில், அதாவது லேப்டாப்புக்கும் உபுண்டுக்கும் மட்டுமான தனி இணைப்பில், போடுங்கள். பெரும்பாலும் 192.168.56 என்று தொடங்கும் முகவரி வரும். ஹாஸ்டல் வைஃபைக்கு அது தெரியாது. உபுண்டு சர்வரில் அந்தக் கார்டை நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில்) நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும்.

முதல் வேலையாக அந்தப் பையன் நுழைந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.