புதுப் போன், ஓயாத ரிப்பேர்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் புறக்கோட்டைக் கடையொன்றில் புதுப் போன் வாங்கினேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தானாக நின்று, திரும்ப ஓன் ஆகிறது. கொண்டுபோனால், "சொஃப்ட்வெயார் பிரச்சினைதான்" என்று ஒரு கிழமை வைத்திருந்து தருவார்கள். நாலு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது மறுபடியும் விட்டுப்போகச் சொல்கிறார்கள். வேறு போனும் இல்லை, காசும் இல்லை. வொறன்டி என்றால் ரிப்பேர் மட்டும்தானாம். என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் பில்லை எடுத்துத் திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு (வொறன்டிக்கு) ஒத்துவராத பொருளைப் பற்றி அந்த அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். வொறன்டி ஒரு வருடம் இருந்தாலும் இந்தக் காலம் நீளாது. "ஒரு கிழமை விட்டுப்போங்கோ" என்று போகிற ஒவ்வொரு கிழமையும் இந்த மூன்று மாதத்திலிருந்துதான் கழிகிறது. கடைக்காரர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இழுபட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

"ரிப்பேர் மட்டும்தான்" என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் இருக்கிறது.

போனை இன்னொரு முறை கொடுப்பதென்றால் துண்டு எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்த திகதி, என்ன பழுது, ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி இலக்கம்), திருப்பித் தந்த திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். முந்திய தடவைகளுக்குத் துண்டு இல்லையா? அந்தத் திகதிகளைக் குறிப்பிட்டு கடைக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர்கள் மறுக்காமல் பதில் போட்டால் அதுவும் கைக்கு உதவும். போன் தானாக நிற்பதை வீட்டில் யாருடைய போனிலாவது வீடியோ எடுத்து வையுங்கள். கடை மேசையில் வைத்தால் எந்தப் போனும் நல்ல பிள்ளையாகிவிடும்!

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அன்ட்ரொய்ட் போன் என்றால் சேஃப் மோடில் போட்டுப் பாவியுங்கள். அதில் நீங்கள் இறக்கிய செயலிகள் ஓடாது. அப்படியும் நின்று நின்று வந்தால், நீங்கள் போட்ட அப் மீது பழிபோட முடியாது. தண்ணீர் பட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: பல போன்களுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர் இருக்கும், அதைக் காட்டியே வொறன்டியை மறுப்பார்கள்.

அப்புறம், கடைக்குக் கடைசியாக ஒரு கடிதம் கொடுங்கள். மாற்றித் தரவோ காசைத் தரவோ ஒரு கிழமைத் தவணை போதும். பதில் வராவிட்டால், பில், வொறன்டி அட்டை, துண்டுகளின் பிரதிகளோடு அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். 1977க்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பது என்று கேட்டறியலாம், ஆனால் போனில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். மூலப் பில்லை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம், கடைக்காரர் "பார்த்துட்டுத் தாறன்" என்றாலும்கூட.