மீட்பும் விசுவாசமும் – கடிதம்

வணக்கம். நலம்தானே?

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்கிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் அக்கா பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். நல்ல மனுஷி. என் மகளுக்கு டெங்கு வந்தபோது மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். போன மாதம் என் தாத்தா தவறிவிட்டார். 88 வயது. ரேஷன் கடையில் வேலை பார்த்தவர், ஒரு கிலோ அரிசி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஏகாதசி விரதம் ஒன்றைக்கூட விட்டதில்லை. துக்கம் கேட்க வந்த அக்கா, பேச்சோடு பேச்சாக, "நல்லவர்தான் தம்பி, ஆனா நற்கிரியையால யாரும் இரட்சிக்கப்பட முடியாது, இயேசுவை விசுவாசிக்கணும்" என்றார். புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஒருவன் செய்த பாவத்துக்கு இன்னொருவர் தண்டனை வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? ஆயுள் முழுக்கத் திருடியவன் கடைசி நிமிடத்தில் நம்பினால் சொர்க்கம், என் தாத்தாவுக்குக் கிடையாது என்றால், நம்பிக்கை என்பது கடவுளுக்குக் கொடுக்கும் லஞ்சம்தானே? நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாத்தாவுக்கு என் அஞ்சலி. ரேஷன் கடையில் இருந்துகொண்டு கை சுத்தமாக வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் கேள்வியில் ஒரு கோர்ட்டு இருக்கிறது. நீதிபதி, குற்றவாளி, நடுவில் சம்பந்தமே இல்லாமல் வந்து தண்டனையை ஏற்கும் மூன்றாவது ஆள். அப்படிப் பார்த்தால் அது அநியாயம்தான். ஆனால் மீட்பு என்ற சொல் கோர்ட்டில் பிறந்ததல்ல. நம் ஊரில் அந்தச் சொல் எங்கே புழங்குகிறது? அடகுக்கடையில்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியவில்லை. ஏலத்துக்கு விடப்போவதாகக் கடையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் மாமா வந்தார், துண்டு முடிச்சை அவிழ்த்தார், சங்கிலியை அம்மா கையில் வைத்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். "என் அக்கா கடனை நான் ஏன் அடைக்கணும்" என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரரும் "வாங்கியது நீ இல்லையே" என்று கேட்கவில்லை. உடன்பிறந்தவன் என்பதே போதுமான பதிலாக இருந்தது.

எபிரேய வேதத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், மீட்பர் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். மூலச்சொல் 'கோயேல்'. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏழ்மையில் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். தன்னையே அடிமையாக விற்றுவிட்டால் அண்ணன் தம்பியோ, சிற்றப்பனோ, சிற்றப்பன் மகனோ பணம் கொடுத்து மீட்கலாம். வழிப்போக்கன் மீட்க முடியாது. மீட்பது உறவுக்காரனின் கடமை, அவனுடைய உரிமையும்கூட.

பழைய தமிழ் வேதாகமம் இப்படி மீட்கும் உரிமை உள்ளவனைச் 'சுதந்தரவாளி' என்று சொல்கிறது. அந்தச் சொல் முழு உயிரோடு நடமாடுவது ரூத்தின் கதையில். நாலே அதிகாரம். புருஷனை இழந்த மோவாபியப் பெண் ரூத், மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து அறுத்த வயலில் கதிர் பொறுக்குகிறாள். வயலின் சொந்தக்காரன் போவாஸ், இறந்துபோன மாமனாரின் உறவினன். ஆனால் அவனைவிட நெருங்கிய பங்காளி ஒருவன் இருக்கிறான். ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்துப் பஞ்சாயத்து நடக்கிறது. நிலத்தை மீட்கிறேன் என்று பங்காளி ஒத்துக்கொள்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், என் சொத்து கெட்டுப்போகும் என்று பின்வாங்கிச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு அந்தச் செருப்புதான் அத்தாட்சி. அவன் பெயரைக்கூட அந்த நூல் சொல்வதில்லை. மீட்டவன் பெயர் மட்டும் நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டைப் படித்தால் உங்கள் கேள்வியின் முகம் மாறும். மனிதனை மீட்க வேண்டுமானால் கடவுள் மனிதனுக்கு உறவுக்காரனாக வேண்டும். பிள்ளைகள் சதையும் இரத்தமும் உடையவர்கள் என்பதால் அவரும் அதையே உடையவரானார் என்று எபிரெயர் நிருபம் சொல்வது இதைத்தான். கிறிஸ்தவம் மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசவில்லை, பங்காளியைப் பற்றிப் பேசுகிறது. இதை நம்பாத என்னைப் போன்றவனுக்கும் இதன் தர்க்கம் புரிகிறது. எந்த ஊர் நியாயம் என்று கேட்டீர்கள். நம் ஊர் நியாயமும் அதுதான்.

சரி, இயேசு தன் உயிரையே மீட்புப் பணயமாகக் கொடுத்தார் என்றால், அதை யாரிடம் கொடுத்தார் என்று உடனே கேட்கத் தோன்றும். திருச்சபையே அந்தக் கேள்வியில் பல நூற்றாண்டு தடுமாறியது. சாத்தானிடம் கொடுத்தார் என்றார் மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஒரிகன். கிறிஸ்துவின் மனித உடல் இரை, உள்ளே இருந்த தெய்வத்தன்மை தூண்டில், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று ஒரு மீன்பிடிக் கதையே சொன்னார் நாலாம் நூற்றாண்டு ஆயர் நீசாவின் கிரகோரி. அவருடைய நண்பரான நாசியான்சுவின் கிரகோரியோ, திருடனுக்குக் கடவுள் பணயம் கொடுப்பதா என்று கோபப்பட்டார். 1098-ல் இங்கிலாந்தின் பேராயர் ஆன்செல்ம் இதைப் பிரபுவின் மானத்துக்கு நேர்ந்த இழுக்காக, அதை ஈடுகட்டும் கடனாக விளக்கினார். அது நிலப்பிரபுக்களின் ஐரோப்பா, வேறெப்படி யோசிப்பார்? உங்கள் மனதில் இருக்கும் கோர்ட்டுச் சித்திரம் கூர்மையானது 16-ஆம் நூற்றாண்டில்தான். அதைக் கூர்மையாக்கியவர்களில் முக்கியமானவரான சீர்திருத்தவாதி கால்வின் சட்டம் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான சபைகளுக்கும் பொதுவான பழைய நிசேயா விசுவாச அறிக்கையோ நமக்காக, நம் இரட்சிப்புக்காக என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று விளக்கவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது லஞ்சம். வேடிக்கை என்னவென்றால், விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்ற கோஷம் கிளம்பியதே லஞ்சத்துக்கு எதிராகத்தான். 1517-ல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். பணம் ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டவும், மைன்ஸ் நகரத்துப் பேராயர் தன் பதவிக்காக வாங்கிய கடனை அடைக்கவும் போனது. அந்த வியாபாரத்தை எதிர்த்துத்தான் ஜெர்மன் துறவி லூத்தர் 95 வாதங்களை எழுதினார். ஆனால் அவருடைய பிரச்சினை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1505-ல் இடிமழையில் உயிருக்குப் பயந்து செய்த நேர்த்திக்கடனால் துறவியானவர். விரதம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று எல்லாம் செய்தார். எழுந்து வெளியே வந்தால் சொல்லாமல் விட்ட பாவம் ஒன்று ஞாபகம் வரும். எவ்வளவு செய்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாத கணக்கு அது. கடவுளின் நீதி என்ற சொல்லையே தான் வெறுத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அப்படிப்பட்டவருக்கு, நீதி என்பது நீ சம்பாதித்துக் காட்ட வேண்டியதல்ல, உனக்குக் கொடுக்கப்படுவது என்று ரோமர் நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய வரி எப்படி இருந்திருக்கும்! கணக்கு எழுதி எழுதிப் பைத்தியம் பிடிக்கும் நிலையில் இருந்தவனின் கையிலிருந்து பேரேட்டைப் பிடுங்கி எறிந்ததுதான் இந்தக் கோட்பாடு. கணக்கே எழுதாதவன் கையில் அதைக் கொடுத்தால் அது சலுகைச் சீட்டாகிவிடும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சீட்டைத்தான்.

ரோமர் 3:28-ஐ ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை லூத்தர் சேர்த்துவிட்டார். பெரிய சண்டை. ஜெர்மன்காரன் அப்படித்தான் பேசுவான் என்று 1530-ல் பதில் எழுதினார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனம் 'விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்' என்று இருக்கிறது. லூத்தருக்கு ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழில் ஒரு பிரிநிலை ஏகாரம் போதும், சண்டையும் வரவில்லை! ஆனால் அதே வேதாகமத்தில் யாக்கோபு தன் நிருபத்தில், 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்கிறார். லூத்தருக்கு அந்த நிருபம் பிடிக்கவில்லை, வைக்கோல் நிருபம் என்றார்.

இங்கேதான் தமிழ் நமக்கு உதவுகிறது. நீங்கள் 'நம்பிக்கை' என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா சொன்னது 'விசுவாசம்'. இரண்டும் ஒன்றில்லை. நாளைக்கு மழை வரும் என்று நம்பலாம், அதில் விசுவாசம் வைக்க முடியாது. உண்ட வீட்டுக்கு விசுவாசம் என்கிறோம், நாயின் விசுவாசம் என்கிறோம். பவுலின் கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்'. அதற்கும் ஒரு கருத்தை ஒப்புக்கொள்வது என்பதைவிட ஒருவரைச் சார்ந்து, அவருக்கு உண்மையாக இருப்பது என்ற பொருளே கனமானது. சங்கிலி திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் முறுக்கு சுட்டால் முதல் தூக்கு மாமா வீட்டுக்குத்தான் போகும். அது கடனுக்கு ஈடல்ல, முறுக்கால் அடையக்கூடிய தொகையும் அல்ல. பவுலையும் யாக்கோபையும் சேர்த்துவைக்க எனக்கு அந்தத் தூக்கு போதும்.

அதற்காக இது உடனே நடந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமை வியாபாரக் கப்பல்களில் வேலை பார்த்தவர். 1748-ல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார், மனம் திரும்பினார். அப்புறம் என்ன செய்தார்? 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பலின் கேப்டனாக மூன்று பயணம் போனார். மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை, கீழே விலங்கிட்ட ஆப்பிரிக்கர்கள். கடலை விட்டது உடல்நிலை கெட்டதால். பிறகு போதகரானார், உலகமே பாடும் 'அமேசிங் கிரேஸ்' எழுதினார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கை ஒப்புக்கொண்டு எழுதியது 1788-ல். தொழிலை விட்டு 34 வருடம் கழித்து! 1807-ல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது, அந்த டிசம்பரில் அவர் இறந்தார். விசுவாசம் அவரைக் காப்பாற்றியது என்று சபை சொல்லும். அந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு அந்த விசுவாசத்தால் என்ன பிரயோசனம் என்று நான் கேட்பேன். இந்தக் கோட்பாட்டோடு எனக்குத் தீராத வழக்கு இதுதான், கடைசி நிமிடத்துக் கள்வன் அல்ல. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய அந்தக் கள்வனாவது, தனக்குக் கிடைத்தது தகுந்த தண்டனை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இயேசுவிடம் பேசினான்.

இப்போது தாத்தா. ஏகாதசி விரதம் என்கிறீர்கள், வைணவராகத்தான் இருப்பார். தென்கலையா வடகலையா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தச் சண்டை அவர் வீட்டுச் சண்டையும்தான். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. சரணடைவதில் ஜீவனின் முயற்சிக்கு இடம் உண்டா இல்லையா என்று வைணவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடினார்கள். லூத்தர் சந்தேகமில்லாமல் பூனைக் கட்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காவியத்தைக் கம்பனின் நடையில் பாடினார். அவருக்குக் கிருபை என்பது கப்பலில் வந்திறங்கிய சரக்காகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அக்கா சொன்னதில் நான் உடன்படவில்லை. கிறிஸ்தவர்கள் எல்லோரும் அப்படிச் சொல்வதுமில்லை. தன் தவறில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடியவரும் இரட்சிப்பு பெற முடியும் என்று 1964-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவிட்டது. அக்காவின் சபை அதை ஏற்காது, அது வேறு.

ஆனால் உங்கள் கோபத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, எஸ். தாத்தா இவ்வளவு செய்தார், திருடன் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே கூலியா? மத்தேயு 20-ல் காலையிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் நின்ற கூலிக்காரர்கள், கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம் என்றதும் இதைத்தான் கேட்டார்கள். தோட்டத்தின் சொந்தக்காரர் சொன்ன பதில்: 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?' தாத்தா அந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தது கூலிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள்தான் இப்போது அவருக்காகக் கூலி கேட்டு நிற்கிறீர்கள்.

அக்காவிடம் பேசுங்கள். டெங்கு வந்தபோது கொண்டுவந்த மூன்று நாள் சாப்பாடு நற்கிரியையா என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குச் சிரிப்பு வரலாம். அப்படியே ரூத்தின் நாலாம் அதிகாரத்தை அவர் எப்படிப் படிக்கிறார் என்றும் கேளுங்கள். அந்தச் செருப்பு விஷயத்தைப் பற்றி அவர் சபையில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. எழுதுங்கள்.